அறுபத்தொரு சாவிகளும் ஒரு காலிக் கொக்கியும்

நம் தெரு நலச் சங்கத்தின் மாத இதழில் சாவிக்காரரைப் பற்றி எழுத வேண்டும் என்று முடிவானதும் எல்லாரும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள். டீச்சரும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் விடவில்லை.

"அவர் எனக்குச் சம்பந்தி. என் பொண்ணைத்தான் அவர் மகனுக்குக் கொடுத்திருக்கேன். உங்க எல்லாரையும்விட எனக்கு அவரை அதிகமாத் தெரியும். நான் எழுதுறேன்" என்றேன்.

"மேஸ்திரி, நீங்களா எழுதப் போறீங்க?" என்று செயலாளர் இழுத்தார். இந்தத் தெருவில் பதினேழு வீடு எழுப்பியவனுக்கு நாலு பக்கம் எழுப்ப முடியாதா?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப்பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தில் கை வைக்கக் கூடாது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் எழுதினால் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வானத்தில் வைத்துவிடுவார். ஏற்கெனவே அவர் போதுமான உயரத்தில்தான் இருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் அவர் யார் என்று விளங்கும். பதினொரு வயதில் செங்கல் சுமக்க வந்தவன் நான். பதினெட்டில் கரணை பிடித்துச் சுவர் பூசினேன். முப்பதில் சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்தேன். எனக்கு யாரும் ஏணி பிடிக்கவில்லை. வீடு கட்டித்தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வேன்: "நான் போட்ட தளத்துல ஒரு சொட்டு ஒழுகாது." அதைச் சொல்லித்தான் நாற்பது வருஷம் தொழில் நடத்தினேன்.

அவருடைய கடையைக் கடை என்று சொல்வதே தாராளம். தெரு முனையில் இருக்கும் நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் இடம். அந்தக் கட்டடமும் நான் கட்டியதுதான். துடைப்பமும் வாளியும் வைப்பதற்காக நான் விட்ட மூலை அது. அதற்குள் ஒரு ஸ்டூல், சாவி அறுக்கும் மெஷின், இரண்டு மூன்று அரம், சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். ஒரு மனுஷன் அதிலேயே முப்பது வருஷம் குனிந்து உட்கார்ந்திருந்தார். கை மயிரெல்லாம் பித்தளைத் தூள் ஒட்டி மினுமினுக்கும். பார்ப்பவர்களுக்குத் தங்கத்தில் செய்த கை மாதிரி தெரியும். எனக்கும் சிமெண்டுத் தூள் ஒட்டும். அதை யாரும் வெள்ளி என்று சொன்னதில்லை.

சாவி வெட்டுகிறவர் ஊருக்கு ஊர் உண்டு. இவரிடம் என்ன அதிசயம் என்றால், தெருக்காரர்கள் எல்லாரும் தங்கள் வீட்டு மாற்றுச் சாவியை இவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். முதலில் கொடுத்தவர் டீச்சர். ஒரே மாதத்தில் மூன்று தடவை சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாவது தடவை பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு இவர், "டீச்சர், இன்னொரு சாவி வெட்டி என்கிட்டயே இருக்கட்டும். நாலாவது தடவை எனக்கு வேலை மிச்சம்" என்றாராம். அதற்குப் பின் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். வெளியூர் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அடுப்பை அணைத்தோமா என்று யாராவது பாதி வழியில் பதறி ஃபோன் பண்ணினால் போய்ப் பார்த்துவிட்டு, "அணைச்சுத்தான் இருக்கு, நிம்மதியாப் போய்ட்டு வாங்க" என்பார். மூன்றாம் வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டை எடுக்கவில்லை. இவர் கவனித்துக் கதவைத் திறந்து பார்த்தால் மனுஷன் குளியலறையில் விழுந்து கிடக்கிறார். தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தபால்காரர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். (அந்தக் குளியலறைத் தரை என் கை வேலை. அது வழுக்காத தரை. அவர் சோப்பைக் கீழே போட்டது என் குற்றமல்ல.)

கதவு வைத்தவன் நான், சுவர் எழுப்பியவன் நான். ஆனால் சாவி அவர் கையில். இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். தெருவில் நான் நடந்தால், "மேஸ்திரி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் நடந்தால் நின்று பேசுவார்கள். நின்று பேச அவரிடம் அப்படி என்ன இருக்கிறது? அதிகம் பேசவே மாட்டார். மற்றவர் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டுவார். நான் பேச ஆரம்பித்தால் கேட்பவர்கள் தலை ஆடாது, கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய வயிற்றெரிச்சல். பொறுக்க முடியாதது பேத்தி விஷயம்.

என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அவள் வசதியாக இருக்கட்டும் என்று சம்பந்தி வீட்டு மாடியில் ஒரு பெரிய அறை என் செலவில் கட்டிக் கொடுத்தேன். கீழே இரண்டு சின்ன அறையில் அப்பாவும் மகனுமாக ஒண்டிக்கொண்டிருந்த வீடு அது. சம்பந்தியம்மா எப்போதோ காலமாகிவிட்டார். இரண்டு வருஷத்தில் பேத்தி பிறந்தாள். அந்த மாடி அறைதான் அவள் அறையானது. எனக்கு இருப்பது ஒரே பெண், அவளுக்கும் ஒரே பெண். அவருக்கும் அதே கணக்குதான், ஒரே மகன், ஒரே பேத்தி. ஆக, ஒரு குழந்தைக்கு இரண்டு தாத்தா.

குழந்தை இரண்டரை வயது வரை வாயே திறக்கவில்லை. நான் டாக்டர், பெரிய டாக்டர் என்று காரில் வைத்து அலைந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல சம்பந்தி, இது கொஞ்சம் இறுகின பூட்டு. எண்ணெய் விட்டுப் பொறுமையா இருந்தாத் தானாத் திறக்கும்" என்றார். அன்றிலிருந்து அவள் பெயர் 'பூட்டு' என்றாகிவிட்டது. நாங்கள் ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருக்கிறது. பூட்டு திறந்ததும் வந்த முதல் சொல் 'தாத்தா'. அப்போது அவர் மடியில் இருந்தாள். நான் அன்றைக்கு ஒரு தளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு நாலு வயது இருக்கும். ஒரு நாள் மிட்டாய் டப்பாவோடு போய் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். உள்ளே திரும்பிக் கத்தினாள்:

"தாத்தா! இன்னொரு தாத்தா வந்திருக்காங்க!"

கையில் டப்பாவோடு நின்றேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அப்படிச் சொல்லக்கூடாதும்மா. அவங்களும் தாத்தாதான்" என்றார்.

'இன்னொரு' குத்தியது போதாதென்று அந்த 'உம்' வேறு. அவங்களும்! பஸ்ஸில் கடைசி சீட்டில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள், "ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் இன்னொருத்தர்தானே? இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அந்த இன்னொருத்தர் ஏன் அவராக இருக்கக்கூடாது என்பதுதானே என் கேள்வி? அந்த ஒரு சொல்லை எப்படியாவது உதிர வைக்க வேண்டும், அவள் வாயால் வெறும் 'தாத்தா' என்று என்னைக் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு நான் கட்டிய எந்தக் கட்டடத்துக்கும் இவ்வளவு பாடுபட்டதில்லை.

பொம்மை வாங்கினேன், பொம்மைக்கு வீடு வாங்கினேன். காரில் கூட்டிக்கொண்டு போய்க் கடல் காட்டினேன். ஏழாவது பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், மூன்று கியர் வைத்த சிவப்புச் சைக்கிள். அன்று மாலையே அவர் தன் கையால் ஒரு சின்னப் பூட்டு செய்து அதில் மாட்டிவிட்டார். இரண்டு சாவி. ஒன்று அவள் கழுத்துக் கயிற்றில், மற்றது அவரிடம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் அவள் தோழிகளிடம் காட்டியது எது என்று நினைக்கிறீர்கள்? பூட்டை! "எங்க தாத்தா செஞ்சது. உலகத்துலயே வேற எந்தச் சாவிக்கும் திறக்காது." சைக்கிள் யார் வாங்கினார்கள் என்று ஒரு குழந்தையாவது கேட்டிருக்க வேண்டாமா?

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மழை நாளில் நான் போனால் அவர் என்னை மாடிக்கு விடவே மாட்டார். "கீழயே உக்காருங்க சம்பந்தி. படி ஈரமா இருக்கு. உங்க முழங்கால் வேற..." என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். பேத்தி மேலே இருப்பாள். அவள் நடமாடும் சத்தம் கேட்கும். கூப்பிட்டால், "இதோ வருவா, டீ குடிங்க" என்பார். நான் சாரத்தில் ஏறி வளர்ந்தவன், எனக்கு ஈரப்படி ஒரு விஷயமா? அவர் வேண்டுமென்றே பேத்தியை என் கண்ணில் படாமல் வைக்கிறார் என்று நினைத்தேன். நான் கட்டிக் கொடுத்த அறையில் நான் கால் வைக்கக்கூடாதா? போதாக்குறைக்கு வருஷா வருஷம் அந்த அறைக்கு வெள்ளையடிப்பார். என் வேலையை என்னைவிட நன்றாக வைத்திருக்கிறேன் என்று காட்டுகிறாராம்! நான் வாய் திறக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். ஆனால் உள்ளே புகைந்துகொண்டேதான் இருந்தது.

அதனால்தான் என் வீட்டுச் சாவியை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. தெருவில் அறுபத்தொரு வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. கொடுக்காத ஒரே வீடு என்னுடையது. "ஒண்ணு சம்பந்திகிட்ட இருந்துட்டுப் போகட்டுமே" என்று என் வீட்டுக்காரி நூறு தடவை சொன்னாள். "என் சாவி என் இடுப்புல இருக்கும்" என்றேன். போன வருஷம் ஒரு நாள் பட்டப்பகலில் அந்தச் சாவி இடுப்பில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. அவர் கடை கூப்பிடு தூரத்தில்தான். நான் கூப்பிடவில்லை. சமையலறை ஜன்னல் கம்பியை நானே சுத்தியலும் உளியும் வைத்துப் பெயர்த்தேன். என் வேலை ஆயிற்றே, இரண்டு மணி நேரம் ஆனது, உளி என் கையையும் பதம் பார்த்தது. சாயங்காலம் அவர் அந்தப் பக்கம் வந்தார். ஜன்னலைப் பார்த்தார், என் கையில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார்.

"கம்பி நல்ல உறுதிதான் போல, சம்பந்தி."

"நான் வச்ச கம்பியாச்சே" என்றேன்.

"அதான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாம் நாள் இல்லை. எழுபத்தோரு வயது, என்னைவிட ஒரு வயது சின்னவர். அதிலும் முந்திக்கொண்டார்.

பூட்டு மறுபடியும் மூடிக்கொண்டது. அழவும் இல்லை, கேட்டதற்கு ஓரிரு சொல்லுக்கு மேல் பேசவும் இல்லை. பத்து வயதுப் பெண் பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். நான் தினமும் போய் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு நாள் என்னைக் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். இப்போது இருப்பது ஒரே தாத்தாதானே? 'இன்னொரு' என்று சொல்ல இனி வழி ஏது என்றுகூட நினைத்தேன். இப்படி நினைத்தவன் நல்லவனா கெட்டவனா என்று தெரியவில்லை, ஆனால் நினைத்தேன். ஒரு நாள் என் பெண் கதவைத் திறக்கும்போது, "யாரு?" என்று உள்ளே இருந்து மாப்பிள்ளை கேட்டார். பேத்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னொரு தாத்தா."

ஆள் போன பிறகும் இடம் போகவில்லை.

அப்புறம் சாவிகள் விஷயம் வந்தது. அறுபத்தொரு வீட்டுச் சாவியை யார் பொறுப்பில் வைப்பது என்று முடிவு செய்ய, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சம்பந்தி வீட்டிலேயே கூட்டம் என்று செயலாளர் அறிவித்தார். என்னைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பார்கள்? சாவிகளை எல்லாம் அவர் ஒரு பலகையில் மாட்டி மாடி அறை பீரோவில் வைத்திருந்தார், பேத்தி அதை விட்டு நகர மாட்டாள். சாவிகள் என் வீட்டுக்கு வந்தால் அவளும் வருவாள். கூட்டத்துக்கு முந்தின வாரம் நானே ஒரு நல்ல தேக்குப் பலகையை இழைத்து, என் வீட்டுக் கூடத்துச் சுவரில் பதித்து, அறுபத்தைந்து பித்தளைக் கொக்கி அடித்துவிட்டேன். நாலு கூடுதல், புதிதாக யாராவது கொடுத்தால் இருக்கட்டும் என்று. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இன்னும் யாரும் உங்ககிட்ட கேக்கவே இல்லையே" என்றாள். கேட்பார்கள் என்றேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. என் பெண், "கீழயே உக்காருங்களேன் எல்லாரும்" என்று சொல்லிப் பார்த்தாள். நாற்பது பேர் எப்படிக் கீழே அடங்குவார்கள்? மாடி அறைக்குத்தான் ஏறினோம். பீரோவைத் திறந்து பலகையை வெளியே எடுத்தார் மாப்பிள்ளை. வரிசையாகக் கொக்கிகள், சாவிகள், ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைத் துண்டு. செயலாளர் முதல் அட்டையை எடுத்துப் படித்தார்.

"இருமல்."

அடுத்தது, "ரெண்டு சர்க்கரை." அதற்கடுத்தது, "மூணாவது படி."

"என்னங்க இது? வீட்டு நம்பர் எங்கே, பேரு எங்கே?" என்று செயலாளர் திகைத்தார்.

"பேரெழுதி வச்சாத் திருடனுக்கு நாமளே வழி சொன்ன மாதிரின்னு அப்பா சொல்வாங்க" என்றார் மாப்பிள்ளை. "எது யாருதுன்னு அவருக்குத்தான் தெரியும். எனக்கே தெரியாது."

அறுபத்தொரு சாவி, ஒன்றும் யாருக்கும் உபயோகமில்லை. அப்போது பேத்தி மூலையிலிருந்து எழுந்து வந்தாள். பலகைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இருமல், தபால்காரர் தாத்தா" என்றாள். தபால்காரர் அந்த நேரம் பார்த்து இருமினார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "ரெண்டு சர்க்கரை, டைலர் மாமா. டீயில ஒண்ணுதான்னு அத்தைகிட்டச் சொல்லிட்டு எங்க கடையில உக்காந்து குடிக்கிறப்ப ரெண்டு போட்டுக்குவாங்க." தையல்காரர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். "மூணாவது படி, நர்ஸ் அக்கா. அங்கதான் உக்காந்து செருப்பு மாட்டுவாங்க."

"நான் எது?" என்றார் டீச்சர்.

"நாலாவது தடவை."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடித்தார். செயலாளருக்கு "சுருக்கமாக" என்று எழுதியிருந்தது, கூட்டத்தில் யார் பேச எழுந்தாலும் அவர் சொல்வது அதுதான். இப்படி ஒவ்வொன்றாக, மூன்று மாதம் மூடிக் கிடந்த வாய் திறந்து அவள் சொல்லிக்கொண்டே போனாள். அடுத்துத் தன்னைத்தான் சொல்லப் போகிறாள் என்று தெருவே ஒவ்வொருவராக நெருங்கி உட்கார்ந்தது. என்னைத் தவிர. அந்தப் பலகையில் எனக்கு ஒன்றும் இல்லை.

அறுபத்தொன்று முடிந்தது. கடைசியில் ஒரு கொக்கி, சாவி இல்லாமல். அட்டை மட்டும் தொங்கியது, ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. செயலாளர் குனிந்து படித்தார்.

"ஒழுகாது."

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது. இதைச் சொல்ல ஆளே வேண்டாமே.

"அது உங்களோடது" என்றாள் பேத்தி. "நீங்க என்னைக்காவது சாவி கொடுப்பீங்கன்னு தாத்தா வச்சிருந்தாங்க. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே எழுதினதாம்."

நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவள் எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினை இழுத்தாள். கிழக்கு மூலைக்குப் போய், அளந்து வைத்த மாதிரி ஓரிடத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

டொக்.

எல்லாரும் பேசினைப் பார்த்தார்கள். டொக். பிறகு மேலே பார்த்தார்கள். டொக். நான் மட்டும் மேலே பார்க்கவில்லை. அந்த மூலை எனக்குத் தெரியும்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

பேத்தி உதட்டை இறுக்கிக்கொண்டாள். "சொல்லக் கூடாதுன்னு தாத்தா சொல்லியிருக்காங்க."

என் பெண்தான் சொன்னாள். "ரூம் கட்டின வருஷத்துல இருந்தேப்பா. மாமா ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாடியும் மேல ஏறித் தார் பூசிடுவாங்க. அப்படியும் பெரிய மழைன்னா சொட்டும். கறை தெரியக்கூடாதுன்னு வெள்ளையடிப்பாங்க. இந்த வருஷம் பூச ஆள் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நானும் சொன்னேன். 'அந்த மனுஷன் ஊரெல்லாம் ஒழுகாதுன்னு சொல்லிட்டிருக்கார்மா, அவர் சொல்லைப் பொய்யாக்குறது நம்ம வீடா இருக்கக்கூடாது'ன்னாங்க. மழையில நீங்க வந்தா அதனாலதான் கீழயே உக்கார வைப்பாங்க."

அந்த அறையில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் நான் யாரைப் பார்த்துப் புகைந்தேனோ அவர் என் பெயருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர்மேல் அப்போது எனக்கு நன்றி வந்தது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். வந்தது பொறாமைதான், முன்பைவிடப் பெரிய பொறாமை. இப்படி ஒன்றைச் செய்யவும், செய்துவிட்டுச் சும்மா இருக்கவும் எனக்கு வராது. நான் செய்திருந்தால் மறுநாளே தெருவுக்கே தெரிந்திருக்கும்.

சாவிகள் இங்கேயே இருக்கட்டும், அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. என் தேக்குப் பலகையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

மழை விட்ட மூன்றாம் நாள் காலை உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை, "ஆள் வச்சுக்கலாம் மாமா" என்றார். ஆளை வைத்துச் செய்கிற வேலையா இது? எழுபத்திரண்டு வயதில் ஏணி போட்டுத் தளத்தில் ஏறினேன். கிழக்கு மூலையில் குந்தி உட்கார்ந்து தாரைக் கொத்தினேன். அடுக்கு அடுக்காக வந்தது. எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொரு அடுக்கிலும் விரலால் இழுத்து வழித்த தடம். அவருக்குக் கரணை பிடிக்கத் தெரியாது பாருங்கள், விரலால்தான் பூசியிருக்கிறார். ஒரு வரிகூடக் கோணவில்லை.

தாருக்குக் கீழே என் காங்கிரீட். அதில் குறுக்கே ஒரு கோடு. இந்தத் தெருவில் யாருக்கும் இதுவரை சொல்லாததை இங்கே எழுதுகிறேன். தளம் போட்ட அன்று கலவை மெஷின் பாதியில் நின்றுபோனது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. மீதி மூலையை மறுநாள் போட்டேன். முதல் நாள் காங்கிரீட் காய்ந்திருந்தது. அதைக் கொத்தி, சிமெண்டுப் பால் விட்டு, அதன் பிறகு போட்டிருக்க வேண்டும். விடவில்லை. பழசும் புதுசும் ஒட்டவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் ஒழுகாது என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

கோட்டை அகலமாகக் கொத்தித் திறந்து, கழுவி, சிமெண்டுப் பால் விட்டு, கலவை இறுக்கினேன். மதியம் ஆகிவிட்டது. கீழே முற்றத்திலிருந்து குரல் வந்தது.

"ஒழுகாது தாத்தா! டீ ஆறுது, இறங்குங்க!"

கரணை கையிலேயே நின்றது. கேலியா, அன்பா, அவர் எழுதி வைத்த அட்டையைப் படிக்கிறாளா என்று தெரியவில்லை. ஆனால் 'இன்னொரு' இல்லை. எனக்கென்றே ஒரு சொல், வேறு யாருக்கும் பொருந்தாத சொல். அந்தச் சொல்லையும் செய்து கொடுத்தது அவர்தான் என்பது ஏணியில் பாதி இறங்கும்போதுதான் உறைத்தது.

கலவை இறுகியதும் தளத்தில் மூலையைச் சுற்றி வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினேன். இரண்டு நாள். பேத்தி பேசினை எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். இரண்டாம் நாள் மாலை அவள் எழுந்து கையால் தரையைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சிருக்கு" என்றாள். மறுபடியும் மேலே பார்த்துவிட்டு, "தாத்தா பார்த்திருந்தாச் சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றாள்.

பாருங்கள், தாத்தா என்று வெறுமனே சொன்னால் இன்னும் அவர்தான். நான் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன்! எனக்குச் சுருக்கென்றது. இனி எப்போதும் சுருக்கென்றுகொண்டேதான் இருக்கும் போல.

இடுப்பிலிருந்து என் வீட்டுச் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். பீரோவைத் திறந்து, காலியாக இருந்த கொக்கியில், பழுப்பேறிய அட்டைக்குப் பின்னால் மாட்டினாள். பிறகு, வீட்டுச் சாவிகளோடு சேராமல் பலகையின் மேல் ஓரத்து ஆணியில் தனியாகத் தொங்கிய ஒரு சின்னச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அட்டையில் அவர் எழுத்து: 'பூட்டு'. அவள் சைக்கிள் பூட்டின் இரண்டாவது சாவி.

"இது தாத்தாகிட்ட இருந்துச்சு. இனிமே உங்ககிட்ட இருக்கட்டும். தொலைச்சிடாதீங்க, வேற எந்தச் சாவிக்கும் திறக்காது."

அது இப்போது என் வீட்டுக் கூடத்தில், தேக்குப் பலகையில், நடுக் கொக்கியில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாருக்கும் காட்டுகிறேன். என் வீட்டுக்காரி தினமும் துடைக்கிறாள்.

அவர் எப்படிப்பட்ட மனுஷன் என்று எழுதச் சொன்னீர்கள். இதைவிடச் சுருக்கமாக எனக்கு எழுத வராது, செயலாளர் மன்னிக்க வேண்டும். இன்னும் அறுபத்து நாலு கொக்கி காலியாக இருக்கிறது. அவருடைய பலகையில் கொடுத்ததை யாரும் எடுக்க வேண்டாம். கூடுதலாக ஒன்று வெட்டி வைத்திருந்தால் சொல்லுங்கள். நான் பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன்.